நகப்பூச்சு வைத்த திருகு

அன்றைக்குக் காலை மணி ஆறு ஐந்து, அம்மிணி. இரவெல்லாம் பெய்த தூறல் விட்டிருந்தது. மேற்கே மருதமலைப் பக்கம் மட்டும் மேகம் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று துளியும் அசையவில்லை. நான் செருப்புக்கூடப் போடாமல் ஈர வாசலில் இறங்கி, உங்கள் வீட்டு கேட்டைத் தட்டி, வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நின்ற உங்கள் மாமனாரைப் பார்த்து, "உங்களுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கிருந்துதான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாமனார் வீட்டில் காலை ஆறிலிருந்து ஆறரை வரைக்கும் தண்ணீர் மோட்டாரைப் போடக்கூடாது என்று ஒரு சட்டம். ஏனென்று கேட்டால், "பக்கத்து வீட்டு டீச்சரைக் கேளு" என்கிறார். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய உங்களுக்கு அந்த அரைமணி நேரம்தான் குளிக்கவும் துவைக்கவும் வாய்ப்பது. நியாயம்தான். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் பழைய டிவி பலகைகள் இருக்கின்றன, முள் மாதிரி குத்தும். இப்படி வாருங்கள்.

இதென்ன, காயலான் கடையில் குடியிருக்கிறாளே இந்த அம்மா என்று நினைக்கிறீர்கள். எல்லோரும் நினைப்பதுதான். நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன், அது வேலை. இது அமெச்சூர் ரேடியோ. அரசாங்கத்தில் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, நமக்கென்று ஓர் அழைப்புக் குறி பெற்று, நாமே செய்த கருவியால் காற்றில் பேசுவது. கடையில் கருவி வாங்கலாம். நான் வாங்குவதில்லை. பிறர் எறிந்ததில் இருந்து எடுத்துத்தான் செய்வேன். எரிந்துபோன சி.எஃப்.எல். பல்பின் அடிப்பாகத்தை உடைத்தால் ஒரு குட்டிக் காந்த வளையம் கிடைக்கும். பழைய பெட்டி டிவியில் படக்குழாயைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும்; பொறுமையாக அவிழ்த்தால் ஒரு தெருவுக்கே கட்டலாம். உங்கள் மொட்டைமாடிக்கு மேலே போகிறதே, துணி காயப்போடும்போது தலையில் தட்டுகிறது என்று சொன்னீர்களே, அந்தக் கம்பி அதுதான். உக்கடத்தில் பழைய சாமான் கடைக்காரர்களுக்கு என்னைத் தெரியும். "டீச்சரம்மா வந்தாச்சு, செத்ததையெல்லாம் எடுத்துப் போடு" என்பார்கள்.

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்.

எனக்கு ஒரு சிநேகிதி. ஜெசிந்தா. கல்லூரியில் ஒரே வகுப்பு, ஒரே மேசை, பரிசோதனைக் கூடத்தில் ஒரே இணை. உரிமத்துக்கான பரீட்சையையும் ஒன்றாகவே எழுதினோம். நான் எப்படி எல்லாவற்றையும் அளந்து செய்வேனோ, அப்படி அவள் எதையும் அளக்காமல் செய்வாள். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் பிடித்துக்கொண்டே பாடுவாள். நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, அது காய்வதற்குள் வந்து பற்றவைப்பாள். "சௌடி, உன் நகத்துக்கும் ஒரு நாளாச்சும் வெச்சு விடறேன்டி, கையக் காட்டு" என்று துரத்துவாள். என் பெயர் சௌடேஸ்வரி. அதைச் சௌடி என்று வெட்டியவள் அவள் ஒருத்திதான். என் பேச்சையும் கிண்டல் செய்வாள்: "மூச்சு விட்டுப் பேசுடி. பேப்பர்ல அச்சடிச்ச மாதிரியே வருது உனக்கு."

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நாங்கள் செய்கிற எளிய கருவியில் ஒரு வினோதம் உண்டு. குரல் போகாது, தந்தி மாதிரி ஒரு விசையைத் தட்டுவோம், குட்டைத் தட்டும் நெட்டைத் தட்டும் சேர்ந்தால் எழுத்து. அந்தத் தட்டு எதிராளியின் காதில் 'பீ' என்று விசிலாகக் கேட்க வேண்டுமானால், இரண்டு கருவிகளும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் நிற்க வேண்டும். ஏறக்குறைய. இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் நின்றால் விசில் கேட்காது. இருவருக்கும் நடுவில் உள்ள அந்த வித்தியாசம்தான் ஒலியாகக் காதில் விழுவது. வித்தியாசமே இல்லையென்றால் ஒலியும் இல்லை. அதனால் யாராவது ஒருவர் ஒரு நூல் தள்ளி நிற்க வேண்டும். அதற்கென்று கருவியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது.

எங்கள் இருவரில் தள்ளி நிற்பவள் எப்போதும் அவள்தான். விடுதி அறையில் இருந்து அவளும் வீட்டில் இருந்து நானும் பேசத் தொடங்கிய முதல் நாளே அது முடிவாகிவிட்டது. "நீ ஆணி அடிச்ச மாதிரி உன் எடத்துல உக்காரு. நான் நகந்துக்கறேன்" என்றாள். தினமும் காலை ஆறு மணி. நான் என் எண்ணில் நிற்பேன். அவள் திருகைத் திருப்பித் திருப்பி, என் காதில் விசில் வரும் இடத்துக்கு வந்து சேருவாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவள் சுபாவம் அது.

படிப்பு முடிந்து அவள் வால்பாறைக்குப் போனாள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தேயிலைத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீசியனாக இருந்த தங்கையா கணவர். குழந்தை இல்லை. அந்த ஆறு மணிப் பேச்சு கொஞ்ச காலத்தில் நின்று, ஞாயிற்றுக்கிழமை போனாக மாறியது. அதோ அந்த ஸ்டூலின் மேல்தான் போன் இருந்தது. ஞாயிறு பதினோரு மணிக்கு அடித்தால் அது அவள்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. மலையில் மண் சரிந்து பாதை மூடி, செல்போன் கோபுரம் சாய்ந்து, கம்பங்கள் விழுந்து, எங்களைப் போன்றவர்களின் ரேடியோவைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் சமயத்தில் ஒரு நிலையம் நடுவில் இருந்து எல்லோரையும் வரிசைப்படுத்தும். யார் முதலில், யார் பிறகு, எந்தச் செய்தி யாருக்கு. அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு நாள் இந்த மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. குரலில் பேசும் பெரிய கருவி. அதையும் நானே செய்தேன். ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் வேண்டும் என்று ஒருவர் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறார். நடுவில், மலையில் யாரோ கொண்டுபோய் வைத்த கருவியில் இருந்து, ஒரு குரல் பாய்கிறது.

"சௌடி, சௌடி, நான்தான்டி. தங்கையா போன லாரி இன்னும் வரலடி, அங்கதான் மண்ணு சரிஞ்சுச்சாம், யார்கிட்டயாச்சும் சொல்லுடி..."

நான் சொன்னேன்: "குறுக்கிடும் நிலையம், உங்கள் அழைப்புக் குறியைச் சொல்லுங்கள்."

"என் குரல் தெரியலையாடி உனக்கு?"

"அழைப்புக் குறி இல்லாமல் பேச வேண்டாம். வரிசையில் காத்திருங்கள்."

காற்றில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் தன் அழைப்புக் குறியைச் சொன்னாள். ஒவ்வோர் எழுத்தாக, விதிப்படி, நிறுத்தி நிறுத்தி. வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் முடித்த பிறகு அவள் செய்தியை வாங்கி அனுப்பினேன். அன்று சாயங்காலமே தங்கையா இடுப்பு வரை சேற்றோடு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். ஆக, என்ன கெட்டுப்போயிற்று?

இப்போதும் சொல்கிறேன், அம்மிணி, நான் செய்தது சரிதான். தெரிந்த குரலுக்கு ஒரு சட்டம், தெரியாத குரலுக்கு ஒரு சட்டம் என்று நடத்தினால் அந்த இரண்டு நாளில் யாராவது செத்திருப்பார்கள். இதை நான் அவளுக்கு விளக்கினேன். போன் சரியானதும், முதல் ஞாயிற்றுக்கிழமை, நல்ல முறையில், படிப்படியாக விளக்கினேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "என்கிட்டயே யாருன்னு கேட்டியேடி" என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிக்கவில்லை.

ஏழு வருடம்.

நீங்கள் போன் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்தால், யார் முதலில் செய்தது என்று ஆகும். அவள் வைத்த போன்; அவள்தானே எடுக்க வேண்டும்? நான் பிடிவாதக்காரி இல்லை. எதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று நினைப்பவள், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எண்ணுக்குப் பித்தான் வைத்த பழைய டெலிபோன் இருக்கிறதல்லவா, அதைத் திறந்தால் உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தகர டப்பி. அதற்குள் ஒரு படிகம், கிரிஸ்டல். மின்சாரம் பட்டால் அது வினாடிக்கு முப்பத்தைந்து லட்சத்துச் சொச்சம் முறை துடிக்கும். எண் அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கும். அந்த எண் எங்களுக்கு அனுமதித்த அலைவரிசைக்குள் வந்து விழுகிறது. எல்லோரும் வீட்டு போனை எறிந்துகொண்டிருந்த காலம். உக்கடத்தில் ஒரு கோணிப்பை நிறைய வாங்கி வந்தேன். ஒவ்வொன்றாக உடைத்து, படிகத்தை எடுத்து அளந்தேன். ஒரே எண் அச்சிட்டிருந்தாலும் ஒன்றைப் போல் ஒன்று துடிக்காது. அண்ணன் தம்பி மாதிரி சிறிது வித்தியாசம் இருக்கும். எனக்கு இரட்டைப் பிள்ளைகள் வேண்டும். கோணி முழுவதிலும் அப்படி ஒரு ஜோடி கிடைக்கவில்லை. கடைசியில் அந்த ஸ்டூலின் மேல் இருந்த என் போனை உடைத்தேன். அதில் இருந்த படிகம், கோணியில் கிடைத்த ஒன்றோடு அப்படியே பொருந்தியது. கருவியின் முள் அசையவில்லை. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை உங்களிடம் எப்படிச் சொல்வேன்! லைன் இருந்ததா என்றால், இருந்தது. வேறு யார் அதில் பேசப் போகிறார்கள்?

இரண்டு பிஸ்கட் டின்களில் இரண்டு கருவிகள். ஒரே மாதிரி. வளையம், கம்பி, டிரான்சிஸ்டர் எல்லாம் செத்த சாமானில் இருந்து. ரம்பத் துண்டில் தட்டும் விசை. இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்து, ஒன்றுக்கொன்று இம்மியும் விலகாமல் திருகை நிறுத்தினேன். ஒன்றை அவளுக்கு அனுப்ப வேண்டும். வால்பாறைப் பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. பஸ் குலுக்குகிற குலுக்கில் திருகு இடம் மாறிவிடும். அதற்கு நாங்கள் செய்வது, திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிடுவோம். காய்ந்து இறுகிவிடும். வேண்டும்போது சுரண்டி எடுத்துக்கொள்ளலாம். டவுன்ஹால் பக்கம் ஒரு ஃபேன்ஸி கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரப் பெண், "உங்களுக்குங்களா, பொண்ணுக்குங்களா?" என்றாள். "திருகுக்கு" என்றேன். சிவப்புதான் வாங்கினேன். என் வாழ்நாளில் நான் வாங்கிய ஒரே நகப்பூச்சு.

கடிதம் ஒன்றும் வைக்கவில்லை. எதற்கு? டின்னைத் திறந்தால் படிகத்தின் முதுகில் எண் இருக்கிறது. நேரம் ஆறு மணி என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டுமா? அதோடு, ரேடியோவில் ஒரு வசதி உண்டு. பொது அழைப்பு. இன்னாரைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லாமல், "கேட்பவர் யாராயிருந்தாலும் வரலாம்" என்று பொருள்படும் இரண்டே எழுத்தைத் தட்டலாம். அது யாரையும் கூப்பிட்டதாகாது. பதில் சொன்னவரும் இறங்கி வந்ததாகாது. யாருக்கும் தோல்வி இல்லை. எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறேன், பாருங்கள்.

வால்பாறை பஸ் கண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். பொது அழைப்பைத் தட்டினேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

'டொக்.'

அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, 'டொக், டொக்.' விசில் இல்லை. எழுத்து இல்லை. வெறும் டொக். மறுநாளும் அதே. அதற்கும் மறுநாள் அதே. சரியாக ஆறு மணிக்குத் தொடங்குகிறது, ஆறரைக்கு முன் நின்றுவிடுகிறது. மோட்டார் சுவிட்சைப் போட்டு அணைத்தால் ரேடியோவில் அப்படித்தான் கேட்கும். ஆறு மணிக்கு மோட்டார் போடுகிறவர் இந்தத் தெருவில் ஒருவர்தான்.

அப்படித்தான் உங்கள் மாமனாரிடம் போய் மனசாட்சியைப் பற்றி விசாரித்தேன்.

பாவம், அந்த மனிதர். வாயை அலசிக்கொண்டு வந்து, "என்னங்க டீச்சர், தண்ணி எறைக்கறதுக்குமா மனசாட்சி?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு சிநேகிதியின் பதிலுக்குக் காத்திருக்கிறேன், உங்கள் மோட்டார் அதை விழுங்குகிறது" என்றேன். "அட, அதுக்கென்னங்க, ஆறரைக்கு மேல போட்டுக்கறேன்" என்று உடனே ஒத்துக்கொண்டார். மறுநாள் ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். டொக், டொக். திரும்பவும் போனேன். "நீங்கள் சொன்ன சொல் ஒன்று, செய்வது ஒன்று" என்றேன்.

"டீச்சர், கோனியம்மன் மேல சத்தியமா நான் சுவிட்சத் தொடவே இல்லீங்க!"

"பிறகு அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?"

"எனக்கென்னங்க தெரியும்? உங்க டின்னுக்குள்ள எலி கிலி இருக்கப் போவுது, நல்லாப் பாருங்க."

நான் அவரை நம்பவில்லை. பல நாள் நம்பவில்லை. அவர் ஃப்யூஸைப் பிடுங்கி என் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டேன். டொக், டொக். இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே அதற்குப் பின்னால் ஜெசிந்தாவைத் தேடினேன். கோடை போய், மழை வந்து, மழையும் போயிற்று. அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று முடிவு செய்தேன். இவ்வளவு பாடுபட்டு ஒருத்தி கருவி செய்து அனுப்பியிருக்கிறாளே, ஒரு தட்டு தட்டினால் என்ன, என்று எனக்கும் கோபம் ஏறிக்கொண்டே இருந்தது.

மார்கழியில் தங்கையா என் செல்போனுக்குக் கூப்பிட்டார். அவரிடம் என் எண் முதலில் இருந்தே இருந்திருக்கிறது.

"அக்கா, ஜெசிந்தா போயிட்டாக்கா."

காய்ச்சல் என்று படுத்தவள். நெஞ்சில் சளி கட்டி, பொள்ளாச்சிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கமும் ஆகிவிட்டிருந்தது. தேயிலைச் சரிவில் கல்லறைத் தோட்டம், புது மண், அதில் வாடின ரோஜா மாலை. நான் அழவில்லை. பஸ்ஸில் வந்த களைப்பு.

வீட்டுக்கு வந்ததும் தங்கையா சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல் ஓரத்தில் ஒரு பலகை. அதன்மேல் என் பிஸ்கட் டின். பக்கத்தில் அவள் உட்காரும் முக்காலி. ரம்பத் துண்டில் செய்த விசை, விரல் படும் இடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டாத விசை தேயாது, அம்மிணி.

"தெனமும் ஆறு மணிக்கு உக்காந்துருவாக்கா," என்றார். "தட்டுவா. அப்புறம் காதுல மாட்டிக்கிட்டுக் கேப்பா. 'என்ன, வர்றாளா ஒன் சௌடி'ம்பேன். 'டொக்கு டொக்குன்னு என்னமோ கேக்குதுங்க, ஆளக் காணோம்'பா. ஃபேக்டரி மோட்டாரா இருக்கும்னு நான்தான் சொன்னேன்."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். இருவரும் இம்மி விலகாமல் ஒரே இடத்தில் நின்றிருக்கிறோம். ஒருவர் விசையை அழுத்தினால் மற்றவர் காதில் விசில் வராது. அழுத்தும்போது ஒரு டொக், விடும்போது ஒரு டொக். உங்கள் மாமனாரின் மோட்டார் என்று நான் திட்டியது அவளை. ஃபேக்டரி மோட்டார் என்று தங்கையா சொன்னது என்னை.

டின்னைத் திறந்தேன். திருகின் தலையில் நான் வைத்த சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"ஏன் இதைச் சுரண்டவில்லை?" என்றேன். தங்கையாவிடம் கேட்பது என்ன நியாயம், ஆனாலும் கேட்டேன். "எப்போதும் திருகித் திருகி வைக்கிறவள்தானே? ஒரு கால் சுற்று. அவளுக்குத் தெரியாதா?"

"தெரியுமேக்கா. ஒருநா கரண்டிக் காம்ப எடுத்துட்டு வந்து ஒக்காந்தா. 'ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிக்கிறோமோ என்னமோ, திருகிப் பாக்கட்டுமா'ன்னு கேட்டா. அப்புறம் அவளே வெச்சுட்டா. 'வேணாம், அவ அளந்து வெச்ச எடம். இதுல கை வெச்சா மறுபடியும் சண்டைக்கு வருவா. இந்தத் தடவ அவ சொன்ன எடத்துலயே நின்னுட்டுப் போறேன்'னா. அந்தச் செவப்பப் பாத்து ஒரே சிரிப்பு. 'சௌடி கடைக்குப் போயி நகப்பூச்சு வாங்கியிருக்கா பாருங்க! இதச் சொரண்ட மனசு வருமா?'ன்னா."

சொல்லுங்கள், அம்மிணி. இது நியாயமா? வாழ்நாள் முழுவதும் நான் வைத்ததை எல்லாம் மாற்றி வைத்தவள். என் சூட்டுக்கோலை, என் புத்தகத்தை, என் பெயரைக்கூட. ஒரே ஒருமுறை, ஒரே ஒரு திருகை, மாற்ற வேண்டிய இடத்தில், சொன்னபடி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யார் கேட்டார்கள் அவளைச் சொன்னபடி கேட்கச் சொல்லி?

என்ன சொன்னீர்கள்? நான் என்னுடையதைத் திருகியிருக்கலாமா?

தங்கையாவும் அதையேதான் கேட்டார். உங்கள் மாமனாரும் கேட்டார். ஆளுக்கு ஒருமுறை கேட்டுவிட்டீர்கள். என்னுடையது சரியான இடத்தில் இருந்தது, அம்மிணி. அளந்து வைத்தது. சரியாக இருப்பதை எதற்குத் திருக வேண்டும்? நகர்கிறவள் அவள். அது எங்களுக்குள் முப்பது வருடமாக இருக்கிற ஏற்பாடு. நான் அவளுக்காகத்தான் அசையாமல் இருந்தேன். அவள் வரும்போது நான் இடம் மாறிவிட்டால் எங்கே தேடுவாள்?

சரி, விடுங்கள்.

அந்தச் சமையலறையிலேயே, கட்டைவிரல் நகத்தால் அந்தச் சிவப்பைச் சுரண்டினேன். சுலபமாக வந்துவிட்டது. ஒன்றுமே இல்லை, ஒரு செதில். திருகைக் கால் சுற்று திருப்பினேன். டின்னை மூடி, தங்கையாவிடம், "நாளைக்குக் காலை ஆறு மணிக்கு இந்த விசையை ஒரே ஒருமுறை அழுத்துங்கள்" என்றேன். உரிமம் இல்லாதவர் அழுத்தக் கூடாது. எனக்குத் தெரியும். கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? சோதனைதான். கடைசிப் பஸ்ஸில் மலையிறங்கி ஊர் வந்துவிட்டேன்.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். வால்பாறையில் இருந்து திரும்பிய இரவே உங்கள் மாமனாரிடம் நடந்ததைச் சொல்லி, இனி எந்த நேரத்திலும் போடலாம் என்றும் சொல்லிவிட்டேன். ஃப்யூஸையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. நான் யாரையும் தடுக்கவில்லை. அவர் ஏன் போடுவதில்லை என்றால், அதை நீங்கள் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் காலை அவர் குளித்துத் திருநீறு வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டு மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் ஜன்னலில் இருந்து தெரிந்தது. ஆறு மணிக்கு ஹெட்போனில் விசில் வந்தது. எவ்வளவு சுத்தமான விசில்! தங்கையாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார், மூச்சு மாதிரி நீளமாக. "கேக்குதுங்களா டீச்சர்?" என்று உங்கள் மாமனார் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவிட்சைத் தொடாமலே உள்ளே போனார்.

விசில் நின்றது. அழைப்புக் குறி சொல்லாத நிலையத்துக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது விதி. நான் விசையை அழுத்தினேன். பதில் இல்லை அது. எந்த எழுத்தும் இல்லை. கருவி வேலை செய்கிறதா என்பதற்காக அழுத்தியது. விரல் வலிக்கும் வரை அழுத்தினேன். மலையில் தங்கையா ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டு, மறுபக்கத்தை அவள் உட்காரும் முக்காலியின் மேல் வைத்திருந்தாராம். பிறகு போனில் சொன்னார்.

அதற்கப்புறம் நான் டின்னை மூடி வைத்துவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். முதல் மணி நேரம் ஒலியியல். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது முன் வரிசையில் ஒருத்தி, "மேம், ஒரு விரலுக்கு மட்டும் நெயில் பாலிஷ் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். கட்டைவிரல் நகத்துக்குள் அந்தச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பாடத்தைக் கவனி என்றேன்.